உங்களுக்குத் தெரியுமா? மத்தி மீனும் மரக்காணம் உப்பும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை ஓரங்கட்டி, வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலோடு செல்ஃபி எடுக்காமல் போவதில்லை. அந்த உப்புக்கும், அங்கே கரையேறும் மீனின் கொழுப்புக்கும் உங்கள் மூட்டுவலியோடு சம்பந்தம் உண்டு! நம்ப முடியவில்லையா? படியுங்கள்!

★ நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே நம்மைத் தாக்கினால் அது ஆட்டோஇம்யூன் நோய். முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸ், டைப் 1 சர்க்கரை என்று இந்தக் குடும்பத்தில் மொத்தம் 80-க்கும் மேல்!

★ சங்க கால எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிறுபாணாற்றுப்படையில் அந்த ஊருக்குப் போகும் பாணர்களுக்கு என்ன விருந்து தெரியுமா? சுட்ட குழல்மீன்! மீன் விருந்தில் நம் கரைக்கு அத்தனை பழைய பெருமை!

★ ஒமேகா 3 கொழுப்பை மீன் தானாகத் தயாரிப்பதில்லை! கண்ணுக்கே தெரியாத கடல் பாசிகள் தயாரிக்கின்றன. பாசியை மத்தி தின்கிறது, மத்தியை நாம் தின்கிறோம். அவ்வளவுதான் ரகசியம்!

★ அந்த ஒமேகா 3-இல் இரண்டு ஹீரோக்கள். இ.பி.ஏ.வுக்கு 20 கார்பன், டி.எச்.ஏ.வுக்கு 22 கார்பன். நாம் தின்ற கொழுப்பு சில வாரங்களில் வெள்ளை அணுக்களின் தோலிலேயே போய் உட்கார்ந்துவிடும்!

★ வெள்ளை அணுவின் தோலில் இருக்கும் ஒமேகா 6 கொழுப்பிலிருந்துதான் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் பிறக்கின்றன. இவற்றை ஆராய்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு!

★ வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களும் உடம்பிலேயே உண்டு. அவை ஒமேகா 3-இலிருந்து பிறக்கின்றன. பெயர் ரிசால்வின்கள். கண்டுபிடித்தவர் ஹார்வர்டின் சார்லஸ் செர்ஹான்!

★ மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியர்கள் சாப்பிடும் 39 வகை மீன்களின் கொழுப்பை அலசினார்கள். 2016-இல் முடிவு வந்தது. ஒமேகா 3-இல் முன்வரிசையில் உட்கார்ந்தது யார்? நம்ம மத்தி! மரக்காணத்தை அடுத்த கூனிமேடு, அனுமந்தை பக்கம் கூறு கட்டி விற்கும் சின்ன மீன்களை இனி இளக்காரமாகப் பார்க்காதீர்கள்!

★ கிரீன்லாந்தின் உபர்நாவிக் பகுதியில் சீல், திமிங்கலம், மீன்தான் சாப்பாடு. 1950 முதல் 1974 வரை மருத்துவப் பதிவுகளைப் புரட்டினார்கள். டென்மார்க் கணக்குப்படி 40 பேருக்குச் சோரியாசிஸ் இருந்திருக்க வேண்டும். இருந்தது வெறும் 2 பேருக்கு!

★ நார்வேயில் இன்னொரு அதிசயம்! வெண்ணெயும் பாலும் புழங்கும் உள்நாட்டு விவசாயிகளுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் அதிகம். மீன் சாப்பிடும் கடலோர மக்களுக்குக் குறைவு. மருத்துவர் ராய் ஸ்வாங்க் இதை உலகுக்குச் சொன்னது 1952-இல்!

★ முடக்குவாத நோயாளிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த முதல் சோதனைகளில் ஒன்று அமெரிக்காவின் ஆல்பனியில் நடந்தது. ஜோயல் கிரெமர் குழுவின் அந்த முடிவை 'லான்செட்' இதழ் வெளியிட்ட ஆண்டு 1985!

★ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் முடக்குவாதம் தொடங்கிய புதிதில் இருந்த நோயாளிகளுக்கு மாத்திரையோடு தினமும் 5.5 கிராம் ஒமேகா 3 கொடுத்தார்கள். மாத்திரை பலிக்காமல் போனவர்கள் எண்ணிக்கை குறைந்தது! கவனியுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு அல்ல, மருந்தோடு சேர்த்து!

★ டைப் 1 சர்க்கரை வரும் வாய்ப்பு பரம்பரையிலேயே உள்ள 1,770 குழந்தைகளை அமெரிக்காவின் கொலராடோவில் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஒமேகா 3 அதிகம் சாப்பிட்ட குழந்தைகளுக்கு இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கும் எதிர்ப்பு தோன்றும் வாய்ப்பு 55% குறைவு!

★ வைட்டமின் டி-யையும் மீன் எண்ணெயையும் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் ஒன்று 'வைட்டல்'. பங்கேற்றவர்கள் 25,871 பேர். 5 ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கு ஆட்டோஇம்யூன் நோய் 22% குறைந்தது! மீன் எண்ணெயின் பலன் அப்போது உறுதியாகத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தி 2 ஆண்டு கழித்துப் பார்த்தால்? வைட்டமின் டி-யின் பலன் மங்கிவிட்டது, மீன் எண்ணெயின் பலன் 17% என்று பளிச்சென்று தெரிந்தது!

★ இப்போது உப்புக்கு வருவோம். பாத்தியில் நிற்கும் கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, 25 டிகிரி அடர்த்தி ஏறினால்தான் உப்பு பூக்கும். அதற்குப் பிறகுதான் பலகை கட்டிய நீளக் கழியோடு பாத்தியில் இறங்கி, உப்பை இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். கால் வெடிக்கும் வேலை அது!

★ ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால் 150 மில்லி கடல்நீர்கூட இல்லை!

★ உப்பு கூடினால் 'டி.எச். 17' என்ற முரட்டு வெள்ளை அணுக்கள் பெருகி, எலிகளுக்கு ஆட்டோஇம்யூன் நோய் முற்றுகிறது. 2013-இல் 'நேச்சர்' இதழில் இதை இரண்டு குழுவினர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதில் ஒரு குழுவை நடத்தியவர் ஹார்வர்டில் பணியாற்றும் நம் இந்தியர் விஜய் குச்ரூ!

★ 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 ஆண்களுக்குத் தினமும் 6 கிராம் உப்பு கூடுதலாகக் கொடுத்தார்கள். குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களான லாக்டோபேசில்லஸ் வகைகள் பெரும்பாலும் காணாமல் போயின. டி.எச். 17 அணுக்கள் கூடின. இத்தனையும் வெறும் 14 நாளில்!

★ ஆகவே கருவாட்டுப் பிரியர்களே, கருவாட்டை நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். குழம்புக்குத் தனியாக உப்பே வேண்டியிருக்காது!

★ சைவக்காரர்களுக்கும் கொழுப்பு அமிலம் உண்டு! கேழ்வரகு, மொச்சை, கீரையின் நாரைத் தின்று குடல் பாக்டீரியாக்கள் மூன்றே கார்பன் கொண்ட புரோப்பியானிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன. ஜெர்மனியில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகளுக்கு இதைத் தினமும் 1 கிராம் கொடுத்தார்கள். சண்டையை அடக்கும் அமைதி அணுக்கள் இரண்டே வாரத்தில் கூடின!

★ ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா 3. ஆனால், அதில் 10%-கூட நம் உடம்பில் இ.பி.ஏ. ஆக மாறுவதில்லை! மத்திக்கு ஈடு மத்திதான்!

★ அந்த மத்தியை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் நல்ல கொழுப்பு வெளியே போய், சட்டி எண்ணெய் உள்ளே வந்துவிடும். புளி போட்டுக் குழம்பு வையுங்கள், கொழுப்பு குழம்பிலேயே இருக்கும்!

★ எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஸ்வீடனில் 32,232 பெண்களிடம் கணக்கெடுத்தார்கள். பல ஆண்டுகளாக நாளுக்கு 0.21 கிராமுக்கு மேல் ஒமேகா 3 சாப்பிட்டவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு குறைவு. அந்த 0.21 கிராமுக்கு வாரம் ஒரே ஒரு வேளை கொழுப்பு மீன் போதும். நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு குறைந்தது? 52%!