வாணிக இணைப்பும் மலாக்காத் தோட்டமும்

ஒரு நாட்டின் தொழிலும் வாணிகமும் சில ஆண்டுகள் தழைத்துப் பின் சில ஆண்டுகள் தளர்வதைப் பொருளியலார் வாணிகச் சுழற்சி என்பர். இரு நாடுகளுக்கிடையே வாணிகம் பெருகுமாயின், அவற்றின் ஏற்ற இறக்கங்களும் ஒத்து நிகழுமோ?

ஐரோப்பியர் இவ்வினாவைத் தவிர்க்க இயலவில்லை. 1957ஆம் ஆண்டு உரோம் உடன்படிக்கையால் ஆறு நாடுகள் பொதுச் சந்தைக்கு வழி வகுத்தன. 1999இல் பதினொரு நாடுகள் யூரோ என்னும் ஒரே நாணயத்தை ஏற்றன. நாணயம் ஒன்றாயின் வட்டிக் கொள்கையும் ஒன்றே. ஒரு நாடு தழைக்க மற்றொன்று தளர்ந்தால், ஒரே மருந்து இருவர் நோய்க்கும் பொருந்துவது எங்ஙனம்?

வாணிகம் பெருகப் பெருகச் சுழற்சிகள் நெருங்கும் என்று பிராங்கெல், ரோஸ் என்னும் அறிஞர் இருவர் 1998இல் எழுதினர். குரூக்மன் இதற்கு மாறான கருத்துடையவர். வாணிகம் பெருகினால் ஒவ்வொரு நாடும் ஒரு தொழிலையே பற்றி நிற்கும். அத்தொழிலுக்கு வரும் இடர் அந்நாட்டைத் தனியே தாக்கும் என்பது அவர் கூற்று. விற்கும் பண்டத்தைப் பொறுத்து இரண்டும் உண்மையாகலாம். ஜெர்மனியும் பிரான்சும் ஒன்றுக்கொன்று மோட்டார் வண்டிகளை விற்றும் வாங்கியும் வருவன. ஆதலின் அவை பெரும்பாலும் சேர்ந்தே எழும், சேர்ந்தே விழும்.

ஒரே பண்டத்தை நம்பி வாழ்வதன் இடரை அறிய நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் இம்மாநிலத் தோட்டங்களில் பால் வெட்டியோருள் தமிழர் பலர். அவர்கள் வெட்டிய பாலுக்கு விலை வகுத்தது அமெரிக்க மோட்டார்த் தொழில். 1929இல் ராத்தல் ஒன்றுக்கு 34 காசளவில் இருந்த ரப்பர் விலை, 1932இல் 7 காசளவுக்கு வீழ்ந்தது. ஆடவரின் 50 காசு நாட்கூலி 1930இல் 40 காசாயிற்று, பின்னரும் குறைந்தது. அவ்வாண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

ஒரே நாணயம் வழங்கும் பகுதியில் ஓரிடம் தளர்ந்தால், உழைப்பாளர் வேலையுள்ள இடத்திற்குப் பெயர்வது அதற்கொரு மருந்தாகும் என்று மண்டெல் 1961இல் விளக்கினார். நாணயம் வேறாயினும், அம்மருந்தைத் தோட்டத் தமிழர் முன்னரே உண்டுவிட்டனர்! ஆனால் நோய் தீரவில்லை. அவர்கள் திரும்பிச் சென்ற சென்னை மாகாணத்திலும் நெல் விலை வீழ்ந்திருந்தது. இருபுறமும் ஒருங்கே தளர்ந்தால் பெயர்ச்சியால் பயன் என்ன? 2010க்குப் பின் நலிந்த கிரேக்க நாட்டின் இளைஞர்க்கு ஜெர்மனியிலேனும் வேலை இருந்தது. ஊர் திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய ஜெர்மனி இல்லை.

1934இல் உலக நாடுகள் உடன்பட்டு ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. விலை தேறியது, தொழிலாளர் மீண்டும் அழைக்கப்பட்டனர். விலை ஏறினால் வருக, இறங்கினால் போக என்பதே அன்றைய முறை. வீழ்ச்சியின் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பொது ஏற்பாடு இருக்கவில்லை. ஐரோப்பியரோ இடருற்ற உறுப்பு நாடுகளுக்குக் கடன் வழங்க 2012இல் நிலையான நிதியொன்றைத் தொடங்கினர். கடுமையான நிபந்தனைகள் அதற்கு உண்டு.

இன்று மலாக்காவின் பத்து பெரண்டாமில் ஜெர்மானிய நிறுவனமான இன்பினியன் மின்னணுச் சில்லுகள் செய்கிறது. பால்மரத்தின் இடத்தில் ஆலை எழுந்தாலும், தொலைநாட்டு மோட்டார்ச் சந்தையோடு நமக்குள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை. எனவே பொருளாதார இணைப்பைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும்போது, அதனால் வாணிகம் எவ்வளவு பெருகும் என்பதோடு நின்றுவிடலாகாது. அலை இறங்குங்கால் அதன் பாரத்தை யார் சுமப்பர் என்பதையும் சேர்த்தே கேட்கக் கற்பித்தல் வேண்டும்.