சிலந்தி வலைகளின் வகைகள்

சிலந்தி வலையை வரையச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் வண்டிச் சக்கரம் போலத்தான் வரைவார்கள். ஆனால் எல்லாச் சிலந்திகளும் அப்படிக் கட்டுவதில்லை. எந்த இரையை, எந்த இடத்தில், எப்படிப் பிடிக்கிறது என்பதற்கேற்ப வலை மாறும். திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு போன்ற ஊரில் வீடு, வரப்பு, வேலி என்று தேடிப் பார்த்தாலே இது விளங்கும்.

சக்கர வலை பறக்கும் பூச்சிகளுக்கானது. அதன் ஆர இழைகள் ஒட்டுவதில்லை. சுற்றிச் செல்லும் சுருள் இழையில்தான் பசைத்துளிகள் இருக்கும். கையெழுத்துச் சிலந்தி தன் வலையின் நடுவே வெண்பட்டு இழையால் பெருக்கல் குறி போன்ற நெளிகோடுகளை இடும். அது பூச்சிகளை ஈர்க்கவா, பறவைகள் வலையைக் கிழிக்காமல் எச்சரிக்கவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

சாமை வயல் வரப்பில் பனி விழுந்த காலையில் தரையோடு விரித்த வெள்ளைத் துணி போலத் தெரிவது புனல் வலை. இதில் பசை கிடையாது. ஒரு மூலையிலுள்ள குழலில் சிலந்தி காத்திருக்கும். பூச்சி வலையில் இறங்கிய அதிர்வு தெரிந்ததும் பாய்ந்து பிடிக்கும்.

வீட்டு மூலையில் நாம் நூலாம்படை என்று துடைத்தெறிவது, பெரும்பாலும் நெட்டைக்கால் சிலந்தியின் ஒழுங்கற்ற வலைதான். தொட்டால் அது உடலை வேகமாக ஆட்டி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபடி செய்துவிடும்.

எல்லாவற்றிலும் வியப்பானது கூட்டுச் சிலந்தியின் வலை. இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் 'ஸ்டெகோடைபஸ் சாரசினோரம்' என்ற இச்சிலந்திகள் கூட்டமாக வாழ்பவை. முள்வேலியில் காய்ந்த இலைகளைப் பட்டிழையால் பிணைத்து, பஞ்சுப் பொதி போன்ற கூட்டைக் கட்டுகின்றன. பார்ப்பவர் அதைக் குப்பை என்றோ செடிக்கு வந்த நோய் என்றோ நினைத்து வெட்டி எறிந்துவிடலாம். உள்ளே சில சமயம் நூற்றுக்கணக்கான சிலந்திகள் இருக்கும், பெண்களே மிகுதி. கூட்டிலிருந்து கிளைகளுக்கு விரியும் வலையிலும் பசை இல்லை. பின்னங்காலிலுள்ள சீப்பு போன்ற மயிர்வரிசையால் கோதியெடுத்த, கம்பளி போன்ற நுண்ணிழைகளில் பூச்சியின் கால்கள் சிக்கிக்கொள்ளும். பெரிய வெட்டுக்கிளியையும் பல சிலந்திகள் சேர்ந்து வீழ்த்திவிடும். தாய் முதலில் தான் செரித்த உணவைக் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். பிறகு குஞ்சுகள் தாயையே தின்று வளரும்.

சுவரில் தாவித்திரியும் தாவும் சிலந்தி இரைக்காக வலை கட்டுவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தாவலுக்கும் முன் ஓர் இழையைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் புறப்படும். குறி தவறினால் அந்த இழையில் தொங்கும்.