உங்கள் இணையப்பக்கத்துக்குள் யாருடைய நிரல் இருக்கிறது?

தேக்காவில் ஒரு பூக்கடைக்கோ சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்துக்கோ இணையப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பில் படங்கள் தாமாக மாறுகின்றன. தேதியைத் தொட்டால் நாள்காட்டி விரிகிறது. தொலைபேசி எண்ணை நிரப்ப மறந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. இவற்றைக் கடைக்காரர் எழுதவில்லை. பக்கத்தை அமைத்துத் தந்தவரும் பெரும்பாலும் எழுதியிருக்கமாட்டார். வேர்ட்பிரஸ் போன்ற கட்டமைப்பில் ஒரு செருகுநிரலைச் சேர்த்திருப்பார். அந்தச் செருகுநிரலுக்குள் வேறு யாரோ எழுதிய நிரல் நூலகங்கள் இருக்கும்.

நிரல் நூலகம் என்பது அரைத்து வைத்த மசாலாப்பொடி போன்றது. பலருக்கும் தேவைப்படும் வேலையை ஒருவர் செய்து வைக்கிறார், மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜான் ரெசிக் 2006ல் வெளியிட்ட ‘ஜேகுவெரி’ இவற்றில் மிகப் பரவலானது. செருகுநிரல் எழுதுபவர் அதைப் பெற மூன்று வழிகள் உண்டு. தம் பெட்டிக்குள் ஒரு பிரதியை வைத்து அனுப்பலாம்; பக்கம் திறக்கும்போது வெளி வழங்கியிலிருந்து எடுக்கலாம்; கட்டமைப்பில் ஏற்கெனவே உள்ள பொதுப் பிரதியைப் பயன்படுத்தலாம்.

தமிழர்கள் முன்பே கண்ட சிக்கல்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான நான்மொழி இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அக்காலத் தமிழ்த்தளங்கள் வெவ்வேறு எழுத்துருக்களையும் குறியீட்டு முறைகளையும் பயன்படுத்தின. உரிய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால், திரையில் புரியாத குறிகளே தெரியும். எழுத்துருவைக் கூடவே அனுப்புவதா, வாசகரே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவதா? பின்னர் யூனிகோடு எனும் பொதுக் குறியீடு வந்தது. கணினிகளும் கைப்பேசிகளும் தமிழ் எழுத்துருவுடனேயே விற்பனைக்கு வந்தன. பொதுப் பிரதி என்ற மூன்றாம் வழி அங்கே வென்றது.

வெளியிலிருந்து எடுத்தால்

வெளி வழங்கியிலிருந்து எடுப்பதில் முன்பு ஓர் ஆதாயம் இருந்தது. ஒரு தளத்துக்காக இறக்கிய நூலகத்தை உலாவி சேமித்து வைத்து, அடுத்த தளத்துக்கும் பயன்படுத்தும். தளங்களுக்கிடையே பயனரைப் பின்தொடர இது வழிசெய்ததால், 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் தனித்தனியாகப் பிரித்தது. அந்த ஆதாயம் போயிற்று.

ஆபத்து மட்டும் எஞ்சியது. பழைய உலாவிகளுக்கு உதவும் ‘பாலிஃபில்’ நிரலை வழங்கிவந்த இணைய முகவரியை 2024 பிப்ரவரியில் ஃபன்னல் என்ற நிறுவனம் வாங்கியது. பாலிஃபில் சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், உடனே அதை நீக்கிவிடும்படி எச்சரித்தார். ஜூன் மாதத்தில், அந்த முகவரியிலிருந்து வந்த நிரல் கைப்பேசிப் பயனர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பியது அம்பலமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இணைத்திருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் தங்கள் தளத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

நிரலுக்குக் கைரேகை போன்ற சரிபார்ப்புக் குறியீட்டைப் பதித்து, அது பொருந்தாவிட்டால் உலாவியே மறுக்கும்படி செய்யலாம். இந்த முறை 2016ல் தரநிலையானது. ஆனால் பாலிஃபில் உலாவிக்கேற்ப வெவ்வேறு நிரலை அனுப்பியதால், அங்கே அது உதவியிருக்காது.

உள்ளேயே வைத்தால்

அப்படியானால் பெட்டிக்குள் வைப்பதே பாதுகாப்பா? பிரதி மாறாது என்பதே அதன் பலம், பலவீனமும் அதுவே. 2020 ஏப்ரலில் வெளிவந்த ஜேகுவெரி 3.5.0 பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தது. ஆனால் செருகுநிரலுக்குள் உறங்கும் பழைய பிரதிக்கு அது தெரியாது. செருகுநிரலை எழுதியவர் புதுப்பித்தால்தான் உண்டு.

‘ரெவ்ஸ்லைடர்’ இதற்குச் சரியான பாடம். படங்களை நகர்த்திக் காட்டும் இந்தச் செருகுநிரலைப் பல வடிவமைப்புத் தொகுப்புகள் தமக்குள் வைத்து விற்றன. 2014ல் அதன் ஓட்டை அடைக்கப்பட்டது. தொகுப்போடு சேர்த்து வாங்கிய பலருக்கு அந்தத் திருத்தம் போய்ச்சேரவில்லை. தங்கள் தளத்தில் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அவ்வாண்டு டிசம்பரில் ‘சோக்சோக்’ என்ற தீநிரல் அந்த வழியாகவே ஏராளமான தளங்களுக்குள் புகுந்தது.

மோதலும் உண்டு. இரண்டு செருகுநிரல்கள் வெவ்வேறு பதிப்பு ஜேகுவெரியைக் கொண்டுவந்தால், பின்னால் வந்தது முன்னதன் பெயரைப் பிடித்துக்கொள்ளும். முந்தைய செருகுநிரல் நின்றுபோகலாம். ஜாங்கோ கட்டமைப்பின் நிர்வாகப் பகுதி, தன் பிரதிக்குத் தனிப்பெயர் சூட்டி இதைத் தவிர்க்கிறது.

எது சரி?

வேர்ட்பிரஸ் தன் செருகுநிரல் பட்டியலுக்கு வகுத்த விதி தெளிவானது. கட்டமைப்பிலேயே உள்ள நூலகத்தை மீண்டும் கொண்டுவரக்கூடாது. அதில் இல்லாததை, எழுத்துருக்கள் நீங்கலாக, வெளியிலிருந்து இழுக்காமல் பெட்டிக்குள் வைக்கவேண்டும். பொதுப் பிரதிக்கும் விலை உண்டு. பழைய செருகுநிரல்கள் உடையக்கூடும் என்பதால், பல ஆண்டுகள் ஜேகுவெரி 1.12.4லேயே இருந்த வேர்ட்பிரஸ், 2020 ஆகஸ்டில் தொடங்கி மூன்று படிகளில்தான் புதிய பதிப்புக்கு மாறியது.

ஆகவே, எந்த வழியானாலும் உள்ளே என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, யார் புதுப்பிப்பார் என்ற பட்டியல் அவசியம். உங்களுக்குக் கடையோ சங்கமோ இருந்தால், தளம் அமைத்தவரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். பயன்படாத செருகுநிரலை நீக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் குழு, புதிதாகத் தெரியவந்த ஓட்டைகளின் தொகுப்பை வாரந்தோறும் வெளியிடுகிறது. பட்டியல் கையில் இருந்தால்தான் அதனுடன் ஒப்பிட முடியும்.

மாணவர்களே, கணினியில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து, பக்க மூலத்தைக் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைத் தேடி, அருகிலுள்ள முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை அந்தத் தளத்துக்குச் சொந்தம், எத்தனை அயலாருடையவை என்று எண்ணிப் பாருங்கள்.