ரயில் விலகிப்போன ஊரின் சாரதிகள்

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-ஆம் வருஷத்தில் இருப்புப்பாதை போட்டவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுவிட்டு, அப்புறம் மலையடிவாரத்தை விட்டுச் சோழபுரம், சங்கரன்கோவில் என்று கிழக்கே ஒதுங்கிவிட்டபடியால், மலையோரத்துச் சேத்தூருக்கும் தேவதானத்துக்கும் சிவகிரிக்கும் ரயில் என்பது வேற்றூர் போய் ஏறவேண்டிய வஸ்துவாகவே நின்றுபோயிற்று. மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலைதான் இவ்வூர்களுக்குத் தலைவாசல். அந்த வாசலைத் தினமும் விடியற்காலையில் திறந்துவைப்பவர் பஸ் டிரைவர்.

சேத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் 12. தூரம் சொற்பம்தான். ஆனால் ராஜபாளையத்தில் 1936-இல் முதல் நூற்பாலை தோன்றி, பின்னர் ஒன்று பலவாகி, சங்கு ஊதும் நேரத்துக்குச் சுற்றுப்புற ஜனங்கள் எழுந்து ஓடத் தொடங்கிய நாள்முதல், ஷிப்டுக்குப் போகிறவர்களும், கோர்ட்டு வாய்தாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்களும், தேங்காய் மூட்டையுடன் படியருகே மன்றாடுகிறவர்களும் இந்தச் சொற்ப தூரத்தைக் கடக்கும் காரியம் லேசாக இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரன்றைக்கோ கேட்கவே வேண்டாம். பஸ்ஸுக்குள் மூச்சு விடுவதற்கும் முறை வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும்.

மதுரையைத் தலைமையாகக் கொண்டு டி.வி.சுந்தரம் ஐயங்கார் வளர்த்த பஸ் கம்பெனி, யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் வண்டி ஓட்டுவதற்கான சாதனத்தைச் செய்து விற்றது. அதன் வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாகப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். பெரிய பஸ் கம்பெனிகளை அரசாங்கம் ஏற்றபோது, 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உண்டாயிற்று. பிற்பாடு மாவட்டத்துக்கொரு கழகமும், கழகத்துக்கொரு தலைவர் பெயருமாகப் பெருகி, விருதுநகர் மாவட்டக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டிய 1997-இல் இந்தப் பிரதேசத்தில் சாதிக் கலவரம் மூண்டது. அதன் விளைவாகத் தமிழ்நாடு முழுவதும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டன. பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயருக்காக மனிதர் மண்டை உடைத்துக்கொண்டதை எண்ணினால் இன்றைக்கும் மனம் கூசுகிறது. சிறிய முதலாளிகளின் தனியார் வண்டிகள் மட்டும், பெர்மிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லா மாறுதல்களுக்கும் தப்பி ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி ஓட்டுகிறவர் விஷயத்துக்கு வருவோம். இருபது வயது நிரம்பி, கனரக வாகன உரிமமும் பேட்ஜும் பெற்றுவிட்டால் சட்டப்படி அவர் டிரைவர்தான். ஆனால் தனியார் வண்டியில் முதல் நாள் உட்காரும் வாலிபனுக்கு, ஸ்டீயரிங்கைவிட டைம் கீப்பரின் கைக்கடிகாரமே பயங்கரமானது என்பது சீக்கிரத்தில் விளங்கிவிடும். முன்வண்டி எடுத்து எத்தனை நிமிஷமாயிற்று, பின்வண்டி ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் அவருடைய ஜீவனம் இருக்கிறது. முன்வண்டிக்காரர் நாலு நிமிஷம் தாமதித்துப் புறப்பட்டால் வழியில் நிற்கும் கூட்டத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவார், வசூல் குறையும், வசூலுக்குத் தக்கபடி பேட்டா என்றால் அதுவும் குறையும். ஆகையால் வேகத்துக்கு டிரைவரின் திமிரைக் காரணம் காட்டும் பிரயாணிகளின் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை. நிமிஷத்தைக் காசாக்கிய ஏற்பாடுதான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. கால் மாத்திரம் அவருடையது.

விடிவதற்கு முன் சேத்தூரில் ஏறி, டிரைவருக்குப் பின்னாலுள்ள இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடிக்கு மேலிருக்கும் சாமி படத்துக்குப் பூச்சரத்தைச் சாத்தி, ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர் என்ஜினைக் கிளப்புகிறார். கண்டக்டரின் ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்கு நகர்வதும் அவர் காதின் வேலை. தூக்குவாளியுடன் ஓடிவரும் பெண்ணைப் பக்கக் கண்ணாடியில் கண்டு, விசில் ஊதிய பிறகும் காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வேலை. “ஏறும்மா, நேரமாச்சு” என்று கடிந்துகொள்வார். ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின் அந்த வண்டிகளில் இப்படி ஓடிவருகிறவர்களின் தொகை பெருகியிருக்கிறது.

1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், சாதாரணமாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குமேல் ஒரே மூச்சாக வேலை வாங்காமல் நடுவில் அரைமணியாவது ஓய்வு தரவேண்டும் என்றும் வகுத்திருந்தது. கடைசி நடை போய்க் கிராமத்திலேயே வண்டியைப் போட்டுவிட்டு, விடியற்காலை முதல் நடை எடுக்கும் நைட் ஹால்ட் டிரைவருக்கோ, வேலை எங்கே முடிந்து ஓய்வு எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதில்லை. இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் பலகையைப் போட்டு, துண்டை விரித்து, கொசுவுக்கு முகத்தை மூடிக்கொண்டு வண்டிக்குள்ளேயே படுக்கிறவர்கள் அநேகர். மறுநாள் காலையில் நம்முடைய ஐம்பது அறுபது உயிர்களும் அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ஏறுகின்றன. ஆதலால், இரவில் பஸ் தங்கும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நிறுத்தத்தருகே ஒரு சிறு அறையும், ஒரு மின்விசிறியும், குளிக்க ஒரு குழாயும் அவர்களுக்குச் செய்துகொடுங்கள்.