ஊருக்கு ஊர் மாறும் திருநாள்

மகனையோ மகளையோ காண ஜெர்மனிக்குப் பயணமாகும் பெற்றோர் இன்று நம் பங்குகளிலும் உண்டு. கம்பளிச் சட்டையையும் ஊறுகாயையும் நினைவாக எடுத்து வைக்கும் நாம், போய்ச் சேரும் ஊரின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டறிய மறந்துவிடுகிறோம். நாட்டின் பட்டியல் அன்று, ஊரின் பட்டியல்.

பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஆண்டவரின் விண்ணேற்றம், தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறுநாள், கிறிஸ்து பிறப்பின் இரு நாள்கள் ஆகியவை நாடு முழுவதற்கும் விடுமுறை. ஏனைய திருநாள்களை 16 மாநிலங்களும் தத்தம் சட்டப்படி வகுத்துக்கொண்டுள்ளன. அரசரின் சபையே குடிகளின் சபை என்று 1555-இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை வகுத்த எல்லைகளின் சாயல் இன்றும் நாட்காட்டியில் தெரிகின்றது. நற்கருணைப் பெருவிழாவும் புனிதர் அனைவர் பெருவிழாவும் பவேரியா முதலிய தெற்கு, மேற்கு மாநிலங்கள் ஐந்தில் விடுமுறை. லூத்தரை நினைவுகூரும் அக்டோபர் 31, வடக்கிலும் கிழக்கிலும் ஒன்பது மாநிலங்களில் விடுமுறை.

வியப்பும் உண்டு. மூவரசர்களின் திருப்பண்டங்கள் என வணங்கப்பெறுபவை 1164 முதல் கொலோன் நகரில் உள்ளன; அங்கே ஜனவரி 6 வேலை நாள். லூத்தரின் விட்டன்பர்க் நகரிலோ அன்று விடுமுறை!

தேவமாதாவின் விண்ணேற்பு நாள் நமக்குச் சுதந்திர தினமாதலால் விடுமுறைக் கவலை இல்லை. அங்கே சார்லாந்து மாநிலம் முழுவதிலும், பவேரியாவில் கத்தோலிக்கர் மிகுந்த ஊர்களில் மட்டுமே விடுமுறை. டான்யூப் நதியின் ஒரு கரையில் நொய் ஊல்ம், கடைகள் அடைத்திருக்கும். பாலம் கடந்தால் ஊல்ம். வேறு மாநிலம், வழக்கமான வியாபாரம்.

அடைப்பு என்றால் முழு அடைப்பே. இரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களுமே பெரும்பாலும் துணை. விடுமுறையில்லாத ஊரில் திருப்பலி மாலையிலும் இருக்கக்கூடும். பங்கு அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்வது நலம்.

ஆக்ஸ்பர்க் நகருக்கு மட்டுமே உரிய விடுமுறை ஒன்றும் உண்டு: ஆகஸ்ட் 8, சமாதானத் திருநாள். 1629-இல் அதே நாளில், கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் ஆணையை ஒட்டி, அந்நகரின் லுத்தரன் போதகர்கள் தம் ஆலயங்களிலிருந்து விலக்கப்பட்டனர். படிக்க நமக்கு இனிக்கும் செய்தி அன்று, ஆயினும் மறைப்பதற்கில்லை. 1648-ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கை அவர்கள் உரிமையை மீட்டளித்தது. இழந்த நாளையே 1650 முதல் நன்றித் திருநாளாக அவர்கள் கொண்டாடலாயினர். இன்று கத்தோலிக்கரும் கலந்துகொள்கின்றனர். இறைவனுக்கு ஏற்புடையோர் ஆதல் பற்றிய கூட்டறிக்கையில் நம் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று கையொப்பமிட்டதும் இந்நகரிலேதான்.

திருநாளன்று நகரமன்றச் சதுக்கத்தில் நீண்ட மேசைகள் இடப்படும். அவரவர் வீட்டு உணவைக் கொண்டுவந்து அயலாரோடு பகிர்ந்துண்பர். செல்ல வாய்ப்புள்ளவர்கள், கொண்டுசெல்ல வேண்டியவற்றை 7-ஆம் தேதியே வாங்கிவிடுக. மறுநாள் அந்நகரில் கடை இராது.