நெய்வேலி நிலக்கரியும் வருங்காலச் சந்ததியும்

கடலூர் ஜில்லா நெய்வேலியில், 1935-ம் வருஷ வாக்கில், ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணற்றுக்குத் துளையிடச் செய்தபோது, ஜலத்துடன் கரிய பொருளொன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் இதற்கெனக் கம்பெனி ஏற்பட்டது. 1961-ல் கரி வெட்டப்பட்டது. 1962-ல் மின்சாரம் உற்பத்தியாயிற்று.

கரிப்படுகையின் கீழுள்ள மணற்படுகையில் ஜலம் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அதை இராப்பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பெயர்ந்து வெள்ளம் புகும். இதனால் தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்கிறதென்பது சுற்றுக் கிராமத்தாரின் நெடுநாள் முறையீடு.

முதல், வட்டி என்பவற்றைச் சங்க அங்கத்தினர் நன்கறிவர். கரி நம் முன்னோர் தேடாத முதல், செலவிட்டால் மீளாது. நிலத்தடி ஜலம் மழையால் வரவாகும் கணக்கு. வரவை மிஞ்சிச் செலவிட்டால் அதுவும் குறையும். சூரிய ஒளியோ நாள்தோறும் வரும் வட்டி. நெய்வேலியில் 2015 முதல் அவ்வொளியினின்றும் மின்சாரம் எடுக்கப்படுகிறது; அங்குள்ள முதல் அனல் மின்நிலையம் 2020-ல் மூடப்பட்டது.

நிலமும் முதலே. சுரங்கம் வெட்டுமுன் மேல்மண்ணைத் தனியே சேமித்து, பள்ளத்தை நிரப்பியபின் அதன்மேல் பரப்பி எருவிட்டால், பூமி மீண்டும் பயிருக்கு உதவும். அடிமண் மேலே கிடந்தால் விளைச்சல் இராது.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று: மழைநீர் தங்க ஏரி குளங்களைத் தூர்வாருதல், சுரங்க ஜலம் பாசனத்துக்குக் கிடைக்குமாறு கோருதல், கிணற்று மட்டத்தை மாதந்தோறும் அளந்து புஸ்தகத்தில் பதிதல். இப்பதிவு பல வருஷம் தொடர்ந்தால், கிராமத்தாரின் முறையீட்டை எவரும் அலட்சியம் செய்ய இயலாது. பேரப்பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.