சீமை நாற்காலியின் பிறந்தகம்

தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் கரிய நாற்காலி ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. கயிறு முறுக்கியது போன்ற கால்கள். முதுகுச் சட்டமெங்கும் பூவும் கொடியும். பிரம்புப் பின்னல் மட்டும் அறுந்து தொங்கிற்று. அதைப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிட நண்பர் நிச்சயித்திருந்தார். “யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது பாட்டனார் ஏலத்தில் எடுத்தது. அசல் சீமைச் சாமான், நமக்கு எதற்கு?” என்றார்.

நண்பரைக் குறை கூறுவதற்கில்லை. இதைப் போன்ற நாற்காலிகளைக் கண்டு சீமைக்காரர்களே ஏமாந்து போனார்கள்!

இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த ராபர்ட் வால்போலின் குமாரர் ஹோரஸ் வால்போல், பழம்பொருள்களில் அளவிறந்த மோகம் கொண்டவர். லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்னும் மாளிகையைப் புராதன பாணியில் அமைத்து, அதற்கேற்ற சாமான்களைத் தேடி அலைந்தார். எட்டாம் ஹென்றி மன்னரின் மந்திரி கார்டினல் உல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் கருங்காலி நாற்காலிகள் இருக்கக் கண்டு, அவை உல்சியின் காலத்தவை என்றே தீர்மானித்தார். 1763-ம் வருஷம் ஏலத்தில் அத்தகைய நாற்காலிகளைத் தாமும் வாங்கினார். பெரிய மனிதர் சொன்னால் மறுப்பவர் யார்? 1836-ல் ஹென்றி ஷா வெளியிட்ட பண்டை மரச்சாமான்களின் சித்திர நூலிலும் இவ்வகை நாற்காலி இடம் பெற்றது.

உண்மை என்ன? உல்சி இறந்தது 1530-ல். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே 1600-ல்தான். அந்த நாற்காலிகளோ பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நமது சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை! லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இன்று அவை அந்தப் பெயராலேயே அறியப்படுகின்றன.

உருவம் ஐரோப்பியருடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாய்மானமும் கைப்பிடியும் அவர்கள் கேட்டவை. ஆனால் கருங்காலி நம் பக்கத்து மரம். இரும்பைப் போல் உளியை எதிர்க்கும் அந்த மரத்தில் பூங்கொடிகளையும், பறவைகளையும், மச்சக் கன்னிகளையும் செதுக்கியது நம் தச்சர்களின் கை. முறுக்குக் கால்களைக் கண்டு வால்போல் பழமை என்று மயங்கினார். அந்தப் பூவேலை எந்த நாட்டுடையது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

1658-ல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். முத்துக்குளித்துறையின் நிர்வாகம் கொழும்பிலிருந்து நடந்தது. இலங்கையிலும் இவ்வகைக் கருங்காலி வேலை தழைத்தது. கடல் கடந்த நாற்காலிகள் வாங்கினவர் பெயரைச் சுமந்து சென்றன. செய்தவரோ தம் பெயரை அவற்றில் பொறிக்கவில்லை. அதனால்தான் அந்தப் புகழ் நூறாண்டுக்கு மேலாக ஒரு கார்டினலுக்குப் போய்ச் சேர்ந்தது.

நண்பர் வீட்டு நாற்காலி அந்த வம்சத்தைச் சேர்ந்ததா என்று தீர்ப்புக் கூற நான் நிபுணன் அல்லேன். ஆயினும் இந்தக் கதையைக் கேட்டபின் அவர் அதை விற்கவில்லை. பிரம்பு பின்னுகிறவருக்கு ஆள் அனுப்பினார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மரச்சாமான் ஏதேனும் இருக்கலாம். அதைத் தள்ளிவிடுமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்: மரம் எது, பூவேலை எந்த ஊர்க் கோயில் தூணை நினைவூட்டுகிறது என்று விசாரியுங்கள். சீமைச் சரக்கென்று நாம் ஒதுக்கியது நம் ஊர்த் தச்சரின் கைவேலையாக இருக்கக்கூடும்.